விழுந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு



என்னினும் தகுதியுள்ளோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அண்ணாமலை நகரில் இந்தக் கருத்தரங்கின் தலைமை எனக்கு வாய்த்தது பெருமை. உள்ளூரச் சற்று நடுக்கமும்கூட.

பின்தங்கிய பங்குகள்மேல் முதலீட்டாளருக்குள்ள மனச்சாய்வுதான் நம் பொருள். இழப்பு அச்சம், கூட்ட மனப்பான்மை எல்லாம் இந்த அவைக்கு அத்துப்படி. டி பாண்ட், தேலர் இருவரின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையும் அப்படியே. மூன்றாண்டு அடிவாங்கிய 35 பங்குகளின் தொகுப்பு அடுத்த மூன்றாண்டில் முந்தியதாக அவர்கள் கண்டார்கள். நம் ஆய்வேடுகளோ தொகுப்பின் சராசரியைத் தூக்கித் தனிப் பங்கின் தலையில் வைத்துவிடுகின்றன.

மாவட்டத்தை விட்டு வெளியே போகவேண்டாம். 2013இல் மத்திய அரசு, நெய்வேலியின் நிலக்கரி, மின் நிறுவனமான என்.எல்.சி.யின் 3.56 விழுக்காட்டை விற்க முனைந்தது. நெய்வேலியில் வேலைநிறுத்தம், முதல்வர் ஜெயலலிதா எதிர்ப்பு. முடிவில் தமிழக அரசு நிறுவனங்கள் ஐந்து, பங்கு 60 ரூபாய் வீதம் சுமார் 358 கோடிக்கு வாங்கின. 2020 சரிவில் விலை அதற்கும் கீழே போனது; 2024இல் 200ஐத் தாண்டியது.

என் பழைய வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. ‘மின்தேவை கூடியது, பொதுத்துறைப் பங்குகளுக்கு யோகம் அடித்தது, இதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் எனக்கு மறுப்பு எழுதினார். ஏறிய நேரம் யோகம் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளை நண்பர் ஒருமுறை புரட்டியிருக்கலாம். 2009, 2014 கட்டண விதிகள் பங்கு மூலதனத்துக்கு 15.5 விழுக்காடு அடிப்படை ஆதாயம் அனுமதித்தன. நிலையம் ஓடத் தயாராக இருந்தால் அந்தத் தொகை கட்டணத்திலேயே ஏறிவிடும். மின்வாரியங்கள் பாக்கி வைக்கும், மெய்தான். ஆனாலும் இப்படிப்பட்ட நிறுவனம் 2020இல் புத்தக மதிப்புக்கு வெகு கீழே விலைபோனது. அலுப்பூட்டும் அந்த அட்டவணைகளை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? விலைப்பட்டியலைத் தரவிறக்கிச் சமன்பாட்டில் போடுவது சுலபம்!

மறுபக்கத்தில், கடலூருக்குத் தெற்கே நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பாருங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கட்டுமானத்தைக் குலைத்தது. கடன் ஏறியது, ஆலை ஓடாமலே நொடித்தது. அதன் பின்னிருந்த நிறுவனத்தின் பங்கும் மலிவாகத்தான் கிடைத்தது. மனச்சாய்வை வென்றதாக நினைத்து வாங்கியவருக்கு எந்தச் சராசரி கைகொடுக்கும்?

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி.யின் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர்மேல் இயந்திரம் இறங்கியது. அதைப் பார்த்த சேத்தியாத்தோப்புக்காரர் அந்த நிறுவனத்தின் பங்கே வேண்டாம் என்றால், வினாப்பட்டியலில் அவரைச் ‘சாய்வுடையோர்’ கட்டத்தில் அடைக்கிறோம். அவர் மனசாட்சிப்படி முடிவெடுக்கிறார். நில எதிர்ப்பால் சுரங்க விரிவாக்கம் தாமதமாகும் என்பதால், கணக்கின்படியும் அதில் நியாயம் உண்டு.

ஆகவே, விழுந்தது என்பதற்காக ஒதுக்குவதும் தவறு, விழுந்தது என்பதற்காகவே வாங்குவதும் தவறு. பணம் எங்கிருந்து வருகிறது, விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், பங்குதாரருக்கு முன்னால் வரிசையில் நிற்கும் கடன்காரர் யார்? இவற்றுக்கு விடை தராத கட்டுரைகளை அமர்வுத் தலைவர்கள் எளிதில் விட்டுவிடவேண்டாம்.

நண்பரின் மறுமொழிக்கு உணவு இடைவேளைக்கு முன் நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டண ஆணைகளின் படிகள் பதிவு மேசையில் இருக்கின்றன. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.