கோட்டுக்கு வெளியே நின்றவன்



வெண்ணிப் பறந்தலையிலே கரிகாலன் பெருவெற்றி பெற்றான். அவனிடம் தோற்ற சேர மன்னன், முதுகிலே பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்றவனை ஊரே வாழ்த்திய வேளையில், தோற்றவனே பெரியவன் என்று அந்த வென்றவனின் முகத்துக்கு நேரே ஒரு பெண் பாடினார். அவர் வெண்ணிக் குயத்தியார். அவர் பாட்டு புறநானூற்றிலே இருக்கிறது. களத்தில் இறங்காத ஒருவர், களத்தில் நின்றவனுக்குச் சொன்ன சொல் அது.

அந்தத் துணிவிலேதான் இன்று நானும் பேசுகிறேன். நான் பந்தை உதைத்துப் பெயர் எடுத்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவன். என் பேச்சு கந்தளாயில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்றுநருக்கு உரியது. பெயர் சொல்லமாட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாஸ்டர், சென்ற கிழமை திருகோணமலையில் ஆறு கோல்களால் தோற்றுவிட்டு வந்தீர்கள். இந்தத் தவணையில் அது ஐந்தாவது தோல்வி. மறுநாள் குளக்கட்டடித் தேநீர்க்கடையில் என்னைக் கண்டபோது, "ஐயா, நான் விலகப் போறன். கடிதம் எழுதி வச்சிட்டன்" என்றீர்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டுக்கு வந்தபின்தான் யோசித்தேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை ஆட்டத்தில், பந்தைக் கைநழுவ விட்ட கோல் காப்பாளப் பையனைப் பார்த்து, "உனக்குக் கையா, அகப்பையா?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை அதன்பின் மைதானத்துக்கு வரவேயில்லை. கோலைக் கண்ட எனக்கு, அதற்கு முன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் மூவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது கண்ணில் படவில்லை. தோல்வி எங்கே முடிந்தது என்பதைத்தான் பார்த்தேன். எங்கே தொடங்கியது என்று பார்க்கவில்லை.

கந்தளாயில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளக்கோட்டன் கட்டுவித்தது என்று கோணேசர் கோயில் மரபு போற்றும் நமது குளம், 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடும் வயலும் வெள்ளத்தோடு போயின. நாம் கண்டது உடைப்பை. ஆனால், மண்கட்டு ஒன்று ஒரே இரவில் பலவீனப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கசிவு உள்ளே மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். கட்டைக் காப்பவனின் வேலை, உடைத்த பின் அழுவதல்ல. கசிவைத் தேடி நடப்பது. பயிற்றுநரின் வேலையும் அதுவே என்பது என் எண்ணம்.

இப்படி நடந்த ஒருவர் நமக்கு அயலிலேயே இருந்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். ஆசிரியராக இருந்து பயிற்றுநரானவர். 1951இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் அவருடைய இந்திய அணி தங்கம் வென்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. பத்துக் கோல்கள், மாஸ்டர்! உங்களுடையது ஆறுதான்.

ரஹீம் விலகவில்லை. அந்தத் தோல்வியிலே கசிவு எங்கே என்று பார்த்தார்கள். குளிரும் ஈரமும் கூடிய மண்ணில் இந்திய வீரர்களிற் பலர் வெறுங்காலோடு ஆடியிருந்தனர். பின்னர் சப்பாத்து அணிவது கட்டாயமாயிற்று. ஆட்ட முறையும் மெல்ல மாறிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல், மெல்பேண் ஒலிம்பிக் அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா மீண்டும் எதிரே வந்தது. முதல் கோலைப் போட்டது இந்தியா! ஆட்டம் 4–1 என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் பத்து நான்காகக் குறைந்ததும், முந்திக்கொண்டு ஒரு கோல் போட்டதும் வெற்றிப் பட்டியலில் வராத வெற்றிகள் அல்லவா? அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. ரஹீம் அப்போது புற்றுநோயாளி. பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை வெளியே உட்கார வைத்திருக்கலாம். ரஹீமோ அவரை முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் கோல் போட்டார் ஜர்னைல், இறுதியாட்டத்திலும் போட்டார். அந்த இறுதியாட்டத்தில் கோல் காத்தவர் பீற்றர் தங்கராஜ் என்ற நம் தமிழர். முன்பு தோற்கடித்த அதே தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு யூன் மாதம் ரஹீம் காலமானார்.

நமது நாட்டைப் பாருங்கள். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்தோம். பிறகு உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே இறங்கினோம். 2023இல் பல மாதங்கள் சர்வதேசத் தடையும் வந்தது. ஆனாலும் 2024 செப்டெம்பரில் கம்போடியாவின் மண்ணிலே பெனல்ட்டி உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள் நம் பிள்ளைகள். கீழே போனவர்கள் கீழேயே இருந்துவிடவில்லை.

சரி மாஸ்டர், நான் கண்ட கசிவுகளைச் சொல்கிறேன். பிழையென்றால் விட்டுவிடுங்கள்.

அந்த ஆறு கோல்களில் நான்கு, கடைசி இருபது நிமிடங்களில் வந்தவை. இடைவேளை வரைக்கும் ஒன்றேதான். ஆகவே பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை, கால் ஓய்ந்துவிட்டது. வயற்கரைகளிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவர்கள், ஒரு பணிசும் தேநீரும் குடித்துவிட்டு உச்சி வெயிலில் ஆடினார்கள். நீங்கள் பயிற்சி கொடுப்பதோ வெயில் தாழ்ந்தபின். கிழமையில் ஒரு நாளாவது வெயிலிலே, தண்ணீரும் இளைப்பாறலும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆட்டத்தன்று காலைச் சாப்பாட்டுக்குப் பெற்றோரைக் கேளுங்கள். விவசாயிகள் சோறு கொடுக்க மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஐந்து ஆட்டத்தில் மூன்று கோல் காப்பாளர்களை மாற்றிவிட்டீர்கள். மாற்றப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும், தோல்விக்கு நானே காரணம் என்று எண்ணிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பான். ஒருவனைத் தெரிந்தெடுங்கள். தெரிந்தெடுத்த பின் நம்புங்கள். வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

மூன்றாவது, வலப்பக்கப் பின்வரிசையில் நிற்கும் அந்த உயரமான பையன். பந்து மேலே வந்தால் அவன் தலைக்குத் தப்புவதில்லை. ஒருநாள் முன்னாலே விட்டுப் பாருங்கள். ஜர்னைல் சிங்கும் பின்வரிசைக்காரர்தானே.

கடைசியாக அந்தக் கடிதம். வடக்கிருந்த சேரனைக் குயத்தியார் புகழ்ந்தார், உண்மை. அது மானம் உள்ள அரசனுக்கு உரிய முடிவு. பயிற்றுநருக்கு உரியதல்ல. நீங்கள் இன்று விலகினால், எங்கள் சேரே எங்களாலே போய்விட்டார் என்று பதினெட்டுப் பிள்ளைகள் நினைப்பார்கள். நான் ஒருவனை மைதானத்தை விட்டு விரட்டியவன். அது இன்னும் என்னை உறங்க விடுவதில்லை. பதினெட்டுப் பேர் என்றால் எப்படித் தாங்குவீர்கள்?

கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆட்டம் வரை சட்டைப் பையிலே இருக்கட்டும். அந்த ஆட்டத்திலும் தோற்கலாம். ஆறு மூன்றாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நாளை மாலை பயிற்சிக்கு நானும் வருவேன். வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பேன். இம்முறை கத்தமாட்டேன்.