தொண்டும் தொழிலும்: தாம்பரம் சானடோரியத்தை முன்வைத்து



கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்ரயிலில் பயணம் செய்வோர்க்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையப் பெயர் பழகியதே. அப்பெயருக்குக் காரணமான மருத்துவமனையைக் காசநோயாளர்க்கென 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவினார். 1937இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்குச் சமூகப்பணி ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி எனத் தானத்தை நான்காகப் பகுத்த மரபில் வளர்ந்தோர்க்கு, 'தொண்டு செய்யப் பட்டம் எதற்கு?' என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை சானடோரியத்திலேயே இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. பிற இடங்களில் ஏற்க மறுக்கப்பட்ட நோயாளர் பலர் 1990களில் தாம்பரத்தை நாடி வந்தனர். அந்நாளில் ஆலோசகரின் பணி, பெரும்பாலும் இறப்பை எதிர்நோக்கியவர்க்குத் துணைநிற்பதாகவே இருந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரமும் முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. அன்று முதல் பணியின் தன்மையே மாறிவிட்டது. மாத்திரையை ஆயுள் முழுதும் நாள் தவறாமல் உண்ணச் செய்தல், திருமணம், மகப்பேறு, வேலை என நோயாளரின் கேள்விகள் வாழ்வைப் பற்றியவை ஆயின. ஆறுதல் மொழி மட்டும் அங்குப் போதவில்லை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் நோய்நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது. நல்லெண்ணத்தால் உறவினரிடம் உதிர்க்கும் ஒரு சொல், வாடகை வீட்டையும் வேலையையும் ஒருங்கே பறித்துவிடக்கூடும். காசநோயாளர்க்குச் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018 ஏப்ரலில் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். அத்தொகை வங்கிக் கணக்கில் சேர்வது. மொழியறியாத, கணக்கில்லாத வடமாநிலக் கட்டடத் தொழிலாளிக்கு அதைப் பெற்றுத்தர, வழியறிந்த ஒருவர் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் உணவுப் பொட்டலம் கொடுக்கப் பலர் வந்தனர். நீர் வடிந்தபின் ஆவணங்களை இழந்தோர்க்கு மனு எழுதித் தந்தோர் சிலரே.

இத்தகைய பணியாளர் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே அமர்த்தப்படுகின்றனர். மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் உள்ளதுபோல் சமூகப்பணியாளர் அனைவர்க்கும் பொதுவான சட்டபூர்வ மன்றம் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநலத் தொழிலர் சட்டம் மருத்துவச் சமூகப்பணியாளரையும் எச்.ஐ.வி. ஆலோசகரையும் தன் பட்டியலில் சேர்த்தது. குழந்தைகள் இல்லத்திலும் குடிசைப் பகுதியிலும் பணிபுரிவோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். மேற்பார்வை என்ற பெயரில் பதிவேடுகள் சரிபார்க்கப்படுகின்றன. பணியாளர் தாம் நாள்தோறும் கேட்ட துயரத்தை மூத்தவர் ஒருவரிடம் எடுத்துச் சொல்லி, அடுத்த வழியைக் கற்கும் வாய்ப்போ அரிது. பணியில் சேர்ந்த பின்னும் தொடரும் பயிற்சிதான் இன்றைய முதல் தேவை.

எழும்பூரில் உள்ள சென்னை சமூகப்பணிப் பள்ளியை மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கினார். எழுபது ஆண்டுகள் கடந்தும், பெண் பார்க்க வரும் வீட்டார் 'சமூகப்பணி சரி, வேலை என்ன?' என்றே கேட்கின்றனர். ஆரணி, வந்தவாசிப் பக்கமிருந்து தென்புறநகரில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியலும் கணக்கியலும் பயில, அறக்கட்டளைகள் உதவித்தொகை வழங்கி வருகின்றன. அடுத்த கல்வியாண்டில் சமூகப்பணி பயிலும் மாணவர் ஒருவரையேனும் அப்பட்டியலில் சேர்ப்பது குறித்து அறங்காவலர்கள் கலந்து பேசலாம்.