வெட்டு எங்கே விழுகிறது?

(உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களும் உத்தியோகத்தர்களும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்ததும் கமக்காரன் வானத்தைப் பார்க்கிறான். நமது சபைகள் திறைசேரியைப் பார்க்கின்றன. மழை பொய்த்த ஆண்டிலே கமக்காரன் செலவைச் சுருக்குவான். வீட்டுக் கலியாணத்தைத் தள்ளிவைப்பான், வேலியடைப்பையும் தள்ளிவைப்பான், ஆயினும் விதைநெல்லைக் குற்றி உண்ணமாட்டான். சபைகளோ பணம் குறைந்த ஆண்டிலே முதலிற் கைவைப்பது விதைநெல்லிலேதான். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

ஒரு நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ பணம் எங்கிருந்து வருகின்றது? சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை என்பன அதன் சொந்த வருமானம். காணி உறுதி முடிக்கும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண நிர்வாகத்தின் கை வழியாக வந்து சேர்பவை. மூன்றாவதாக, ஊழியர் சம்பளத்துக்கும் மூலதன வேலைகளுக்கும் அரசு தரும் மானியம் இருக்கின்றது. அரசு சிக்கனம் பேசும்போது வெட்டுப்படுவது இந்த மூன்றாவது. ஆனால் இரண்டாவதைக் காலந்தாழ்த்தி அனுப்புவதும் ஒருவகை வெட்டே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நமது எல்லைக்குள் கைமாறிய காணிக்கு நமது மக்கள் செலுத்திய தீர்வை அது. அதற்கும் சபைகள் உதவி கோரி விண்ணப்பம் எழுதுகின்றன! கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் நின்று யாசிக்கும் காட்சி இது. எந்த ஆண்டுக்குரியது, எவ்வளவு நிலுவை என்று கணக்கு எழுதியே இதனைக் கேட்டல் வேண்டும். வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காக அதற்குத் தேர்தல் நடவாமையால், கேட்பதற்கு மக்களாற் தெரியப்பட்ட அமைச்சர் ஒருவரும் இல்லாது போயிற்று. அதனால் உரிமை அற்றுப்போகவில்லை.

2022ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றேன். அந்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டங்கள் முந்திய மார்கழியிலே நிறைவேறியபோது ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. ஏப்பிரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் அதே டீசல் 460 ரூபா. கழிவகற்றும் உழவு இயந்திரங்களுக்கு மாதம் ஆயிரம் லீற்றர் தேவையான ஒரு சபையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதற்குமென அது ஒதுக்கியிருக்கக்கூடிய 14 இலட்சத்து 52 ஆயிரம் ரூபா, ஜூன் மாத விலையில் மூன்று மாதத்துக்குச் சற்று மேலாகவே போதும். செப்டெம்பரிலே பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. மானியத்தின் தொகையில் ஒரு சதமும் குறையாதிருந்தாலும் அதன் பெறுமதி உருகிப்போயிற்று. ஆகவே, “சென்ற ஆண்டுத் தொகையே இவ்வாண்டும் தரப்படும்” என்று சுற்றறிக்கை வரும்போது மகிழ்ச்சியடையாதீர்கள். விலைவாசி ஏறிய ஆண்டிலே அதுவும் வெட்டுத்தான்.

சரி, வெட்டு வந்துவிட்டது. அது எங்கே விழும்? சம்பளத்தில் விழாது, விழவும் கூடாது. கடன் தவணையில் விழ முடியாது. திறப்புவிழாவும் பெயர்க்கல்லும் வைக்கத்தக்க புதிய கட்டடத்தில் விழ உறுப்பினர் விடமாட்டார். எஞ்சுவது பராமரிப்பு. மதகு திருத்துதல், வாய்க்கால் துப்புரவு, தெருவின் குழிக்குத் தார் போடுதல், சனசமூக நிலையத்துக்குப் பத்திரிகை போடுதல் ஆகியவற்றை வெட்டினால் அன்றைக்கு எவரும் கூச்சலிடமாட்டார். (பத்திரிகையை நிறுத்தி எந்தச் சபை செல்வம் சேர்த்ததென்பதை நான் அறியேன்.)

யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், ஆறென்று சொல்லத்தக்கது வேறில்லை. பெய்கின்ற மழை ஒன்றில் நிலத்துள் இறங்க வேண்டும். அன்றேல் வெள்ளவாய்க்கால் வழியே கடலையோ கடல்நீரேரியையோ சேர வேண்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆதலால் வாய்க்கால் வெட்டவேண்டிய காலம் ஆவணியும் புரட்டாதியும். நமது நிதியாண்டோ தை மாதம் தொடங்குகின்றது. முதல் எட்டு மாதங்களிற் கையிலிருந்ததைச் செலவிட்டுவிட்டு, வாய்க்காலுக்கு ஆள் இறக்கவேண்டிய நேரத்திலே பெட்டியைத் திறந்தால் அது வெறுமை! பின்னர் வெள்ளம் வந்து வெங்காயப் பாத்தி அழுகிய பிற்பாடு நிவாரணத்துக்கு மனு எழுதுகின்றோம். வாய்க்காலுக்கான பணத்தைத் தை மாதத்திலேயே தனியே ஒதுக்கி, வேறு எதற்கும் மாற்றக்கூடாதென்று சபை தீர்மானம் எழுதிவைக்க வேண்டும். இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் வேண்டியதில்லை.

இதனோடு ஒட்டிய வேறொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருக்கும் பணத்தை உறுப்பினர் தலைக்கு இவ்வளவு, வட்டாரத்துக்கு இவ்வளவு எனச் சமமாகப் பங்கிடும் முறை பல சபைகளில் ஊறிப்போயிருக்கின்றது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் நான்கு வட்டாரங்களை ஊடறுத்துச் செல்லும் வாய்க்காலில் மூன்று வட்டாரத்தார் துப்புரவு செய்து, கடலண்டைய நான்காம் வட்டாரத்தார் தம் பங்கிலே தெருவிளக்குப் போட்டால் என்ன ஆகும்? மேலிருந்து வேகமாக வந்த வெள்ளம் கீழே தேங்கி நான்காம் வட்டாரத்தை மூழ்கடிக்கும். தண்ணீருக்கு வட்டார எல்லை தெரியாது. பணம் பெருகியிருந்த காலத்தில் இந்தப் பங்கீடு வெறும் வீண்செலவாக இருந்தது. பணம் சுருங்கிய காலத்தில் அது தீங்காகவே முடிகின்றது.

இனி வருமானப் பக்கம். செலவைக் குறைக்க மனம் வராத சபை செய்யும் தந்திரம் ஒன்றுண்டு. பத்தாண்டாக வசூலாகாத சோலைவரி நிலுவை முழுவதையும் இவ்வாண்டு வசூலாகும் வருமானமெனக் காகிதத்தில் எழுதிவிடும். வரவும் செலவும் சமப்படும். கரகோஷத்துடன் திட்டம் நிறைவேறும். வைகாசியில் இயந்திரம் ஓடாது. சென்ற ஆண்டு உண்மையாகவே கைக்கு வந்த தொகை எவ்வளவோ அதற்கு மேல் வரவாக எழுதுவதில்லை என்று ஒரு சபை உறுதி பூண்டால், அதன் திட்டம் மெலிந்திருக்கும். ஆனாற் பொய்யாக இராது.

நிலுவையை அறவிடும் முறையிலும் நீதி வேண்டும். ஆண்டு வரி முழுவதையும் தை மாத முடிவுக்குள் செலுத்துவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு. சம்பளக்காரரும் ஓய்வூதியரும் வரிசையில் நின்று செலுத்திவிடுகின்றனர். நிலுவைப் பட்டியலின் உச்சியில் இருப்போர் யாவர்? அந்தப் பட்டியலைச் சபையிலே வாசியுங்கள். சிறிய வீட்டுக்காரரின் வாசலுக்கு அறிவித்தல் போகுமுன் பெரிய கட்டடங்களின் வாசலுக்குப் போகட்டும். ஆதனங்களின் மதிப்பீடும் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. தேர்தலுக்கு அஞ்சி அதைத் தள்ளிப்போட்டால், ஓட்டு வீடாக இருந்து மூன்று மாடிக் கடையாக எழுந்தது ஓட்டு வீட்டுக்குரிய வரியையே கட்டிக்கொண்டிருக்கும்.

சந்தைக் குத்தகையை உயர்த்துவது எளிதென நினைப்போர் இச்சபையிலும் இருக்கலாம். கூடிய தொகைக்கு எடுத்த குத்தகைக்காரர் அதனை எங்கே தேடுவார்? “கழிவு” என்ற பெயரிற் கமக்காரனின் மூட்டையிலிருந்து ஏற்கெனவே கழிக்கப்படுவது போதாதா? குத்தகை உயர்ந்தால் தராசை யார் கண்காணிப்பதென்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும்.

கடன் வாங்கிக் கடைத்தொகுதி கட்டி வாடகையாற் பிழைக்கலாம் என்ற ஆசையும் அவ்வப்போது எழுகின்றது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுக்குப் பின் மத்திய அரசு உள்ளூராட்சி மானியத்தைப் பெரிதும் குறைத்தது. சறே மாவட்டத்து வோக்கிங் நகரில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள். யாழ்ப்பாண மாநகரை ஒத்த அளவு. அந்நகர சபை விடுதியும் மாடிக் கட்டடங்களும் கடைகளுமாகக் கடன்பட்டுக் கட்டியது. 2023 ஜூனில், அத்தியாவசியமல்லாத செலவெல்லாம் நிறுத்தப்படுகின்றதென அதன் நிதி அதிகாரி அறிவித்தல் விடுத்தார். ஆண்டுக்கு 1 கோடி 60 இலட்சம் பவுண் கையில் வரும் சபைக்கு 120 கோடி பவுண் பற்றாக்குறை! அங்கே கணக்காய்வும் கணக்கர்களும் இல்லாமலில்லை.

இவற்றையெல்லாம் இன்று பேசக் காரணமுண்டு. 2023 மார்ச் 9ஆம் நாள் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. அம்மாதத்திலேயே சபைகளின் ஆயுளும் முடிந்தது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆம் நாளே வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உத்தியோகத்தர்களே வரவு செலவைத் தீர்மானித்தனர். அவர்களிற் பலர் நேர்மையாகவே உழைத்தனர். எனினும் எந்த மதகு காத்திருக்கலாம் என்று அவர்களிடம் கேட்க நமக்கு ஒரு மேசை இருக்கவில்லை. இப்போது இருக்கின்றது. அந்த மேசையைக் கட்சிகள் பலம் பார்க்கும் களமாக்கினால் என்ன நேருமென்பதை 2020 டிசம்பரில் கண்டோம். யாழ்ப்பாண மாநகர சபையின் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டு மேயர் பதவியிழந்தார். அன்று எந்த வாய்க்காலைப் பற்றிய விவாதம் அந்தத் தோல்வியைத் தீர்மானித்தது?

அடுத்த திட்டம் சபைக்கு வருமுன் ஒரு பக்கம் அச்சிடுங்கள். அதிலே செய்யப்போகும் வேலைகள் வேண்டாம். பணமில்லாமையாற் செய்யாது விடப்போகும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த மதகு, எத்தனை விளக்கு என்று எழுதிச் சந்தை வாசலிலும் உபதபாற் கந்தோரிலும் ஒட்டுங்கள். கமக்காரர் சங்கங்கள் தவிசாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: புரட்டாதி முடியுமுன் எங்கள் வாய்க்காலுக்கு இயந்திரம் எத்தனை நாள் வரும், அதற்கான டீசல் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கின்றது?