பொறுப்பு அதிகாரி எத்தனை நாள்?



திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம், பிழைப்புக்காக வந்து குடியேறிய வெளியூர்க் குடும்பங்கள் என நெருங்கிக் கிடக்கும் ஊர். கரைப்புதூர் ஊராட்சிக்கு உட்பட்டது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு இந்த ஊராட்சியின் மன்றத்துக்கு ஐந்தாண்டு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. மறுநாள் முதல் தலைவருக்குப் பதிலாகத் தனி அலுவலர். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கும் அன்று இதே நிலைதான்.

இப்படி நடக்கும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி வரும். “தலைவரே இல்லீங்க, இவரு போடற கையெழுத்து செல்லுங்களா?” குழாய் இணைப்புக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் கட்டட அனுமதிக்கும் அலைகிறவர்களுக்கு இது நியாயமான கவலை.

கையெழுத்து செல்லும். தனி அலுவலர் பதவி சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மீது நிற்பது. ஆனால் கையெழுத்து செல்லுமா என்பது ஒரு கேள்வி, அந்த நாற்காலியில் அவர் இத்தனை காலம் இருக்கலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே தெளிவாகக் காட்டியது. 2001 மே 14-ஆம் தேதி ஜெயலலிதா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. டான்சி நில ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாகியிருந்தன. உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 164-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆறு மாதத்தைத்தான் அவர் தரப்பு நம்பியது. செப்டம்பர் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவருக்கு அந்தச் சலுகை இல்லை என்று சொல்லி நியமனத்தை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், இடைப்பட்ட நான்கு மாதங்களில் அவர் போட்ட உத்தரவுகள் இந்தக் காரணத்தால் மட்டும் செல்லாமல் போகாது என்றும் சொன்னது. அரசை நம்பி உத்தரவு வாங்கிப்போன சாமானியன் தண்டிக்கப்படக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அன்று இரவே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

இனி அந்த இரண்டாவது கேள்வி: பொறுப்பில் உட்காருபவர் எத்தனை காலம் இருக்கலாம்? நம் நாட்டில் அதிகாரிகளின் நியமனத்தைச் சட்டமன்றம் ஓட்டெடுத்து உறுதி செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதில் வேறு வகைத் தடுப்புகளை வைத்திருக்கிறோம். சி.பி.ஐ. இயக்குநரைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் கூடித்தான் தேர்வு செய்ய வேண்டும். மாநிலக் காவல்துறைத் தலைவர் (டி.ஜி.பி.) என்றால், மத்திய தேர்வாணையம் தருகிற மூவர் பட்டியலிலிருந்து ஒருவரை மாநில அரசு எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு அவரை மாற்றக் கூடாது. ஓய்வு பெற்ற காவல்துறைத் தலைவர் பிரகாஷ் சிங் 1996-இல் தொடுத்த வழக்கில், பத்தாண்டு கழித்து 2006-இல் வந்த தீர்ப்பு இது. ஆளுங்கட்சிக்குப் பயப்படாமல் காவல்துறை நடக்க வேண்டும் என்பதற்காக வந்தது.

தீர்ப்பு வந்ததும் பல மாநிலங்கள் பின்வாசலைத் தேடின. பட்டியல் கேட்டால்தானே கட்டுப்பாடு? கேட்காமல் ஒருவரைப் ‘பொறுப்பு’ என்று உட்கார வைத்தால்? 2018 ஜூலை 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் அடைத்தது. பொறுப்பு டி.ஜி.பி. என்ற எண்ணமே எந்த மாநிலத்துக்கும் வரக் கூடாது, பதவி காலியாவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே பெயர்களை அனுப்ப வேண்டும் என்றது.

அப்படியிருந்தும் 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது, தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு ஜி. வெங்கடராமன் பொறுப்புத் தலைவராகத்தான் வந்தார். ஓர் அதிகாரி தொடர்ந்த வழக்கால் பட்டியல் தாமதமாயிற்று என்றது அரசு. அடுத்த மாதமே விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. பரிந்துரையை விரைந்து முடிக்கும்படி தேர்வாணையத்துக்கு உத்தரவு வந்தது. ஓய்வு பெறும் தேதி பணியில் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிற ஒன்று. திடீரென்று காலியான பதவி அல்ல அது. தனிப்பட்ட அதிகாரியின் திறமையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த நாளும் மாற்றப்படலாம் என்ற நிலையில் இருப்பவர், மேலிடத்துக்கு முடியாது என்று எப்படிச் சொல்வார் என்பதே என் கேள்வி.

இலங்கையில் இது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். அங்கே பொலிஸ் மா அதிபரை, அதாவது காவல்துறைத் தலைவரை, ஜனாதிபதி நியமிக்க, நாடாளுமன்றத்தோடு இணைந்த அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். 2023 நவம்பரில் தேசபந்து தென்னகோன் பொறுப்புப் பொலிஸ் மா அதிபராக்கப்பட்டார். அடுத்த மாதமே, டிசம்பர் 14-ஆம் தேதி, ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் அவரும் பொறுப்பாளி என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் அவரே நிரந்தரமானார். பேரவையில் அவருக்கு விழுந்தவை நான்கு வாக்கு, தேவை ஐந்து. சபாநாயகரின் வாக்கைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். ஜூலை 24-ஆம் தேதி அவர் பணியாற்றக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நாடாளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல், அவரைப் பதவி நீக்கியது.

அமெரிக்காவில் செனட் ஒப்புதல் இல்லாத பொறுப்பு அதிகாரிக்குப் பொதுவாக 210 நாள் வரம்பு உண்டு. அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைப் பொறுப்பாகப் பார்த்த சாட் உல்ஃப், முறைப்படி அந்த இடத்துக்கு வரவில்லை என்று 2020-இல் ஒரு நீதிமன்றம் சொன்னது. குழந்தையாக வந்து குடியேறிய இளைஞர்களைப் பற்றி அவர் போட்ட உத்தரவும் செல்லாமல் போனது. நம் நீதிமன்றங்கள் காட்டும் தயவு எல்லா நாட்டிலும் கிடைக்காது.

நம் ஊராட்சிக்கு வருகிறேன். ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை, அது முடியுமுன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. 2016 அக்டோபரில் இடஒதுக்கீட்டுச் சிக்கலால் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபோது, குறுகிய காலத்துக்கு என்று தனி அலுவலர்கள் வந்தார்கள். சட்டமன்றத்தில் மறுபடி மறுபடி நீட்டித்து, 2019 டிசம்பரில்தான் நமக்கு ஓட்டுப் போடக் கிடைத்தது. மூன்று வருடம். அந்தக் காலத்தில் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. சாக்கடைக்கும் குடிநீருக்கும் வர வேண்டிய பணம் அது. கட்டிங் மாஸ்டர் லீவு என்றால் இன்னொருவர் நாலு நாள் பார்ப்பார், கம்பெனி ஓடும். மூன்று வருடம் மாஸ்டரே வைக்காமல் எந்த முதலாளியும் ஓட்டமாட்டார்.

எனவே, உங்கள் ஊரில் யாராவது பொறுப்பாக இருந்தால், அவரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். அவர் கொடுக்கும் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள்: நியமன உத்தரவின் எண் என்ன, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வந்தது, எந்தத் தேதியோடு முடிகிறது, நிரந்தர நியமனத்துக்கு அல்லது தேர்தலுக்கு இதுவரை என்ன செய்யப்பட்டிருக்கிறது. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலைக் கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள்.