சம்பளம் யார் கைக்கு?

(வட்டவளைத் தோட்டப்புற மாதர் முன் ஆற்றிய உரை)



சம்பள உயர்வைப் பற்றிப் பேசவே நாம் வந்திருப்பதாக நினைத்திருப்பீர்கள். உயர்ந்த சம்பளம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே இன்று நம் பேச்சு.

1984ஆம் ஆண்டு வரை இத்தீவின் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அவ்வாண்டில்தான் இரண்டும் சமமாயின. 2021இல் ஆயிரம் ரூபாய் வந்தது. இரண்டையும் வெற்றியென்று மேடையேறி முழங்கினோம். ஆயினும், மலையேறிக் கொழுந்தெடுத்தவளின் பணத்தைச் சம்பள நாளன்று கணவனோ தகப்பனோ வாங்கிச் சென்றதைக் கண்டும் காணாதிருந்தவர்களும் நாமே. குடும்ப விஷயம் என்றோம். சங்கத் தலைமையில் ஆண்களே நிறைந்திருந்தோம், அதை மறைப்பானேன்?

நம் பாட்டன்மார் காலத்துத் துண்டு முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அக்கடனோடு தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. லயத்துக்குள்ளே அது ஒழிந்ததா? மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து அவளுடையது. அரைப்பேர் விழுந்தால் ஏச்சும் அவளுக்கே. பணம் மட்டும் தவறணைக்கு. தோடு அடகுக் கடையில். நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்து அவளுடையது, செலவு அவனுடையது. வாசலில் நிற்கும் வசூல்காரனுக்குப் பதில் சொல்பவளும் அவளே. அடி இல்லையே, இதிலென்ன கொடுமை என்பார் உளர். கையில் காசில்லாதவள், நாளை அடி விழுந்தால், எந்தப் பஸ்ஸில் ஏறிப் போவாள்?

இருவரும் மனமொத்து ஒரே பெட்டியில் பணம் வைக்கும் வீடுகளை நாம் குறை கூறவில்லை. பெட்டியின் சாவி அவளுக்கும் உண்டா என்பதே கேள்வி.

மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுடைய தனிச்சொத்து. 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கு ஆதாரம். சம்பளத்தைத் தொழிலாளியிடமே நேரே கொடுக்கவேண்டுமென்பது 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை வழங்கும் நீதவான், குடும்பத்தின் பொது வளங்களை அவள் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்றும் பணிக்கலாம். எனினும், கூலியைப் பறிப்பதைத் தனிக் குற்றமாகப் பெயர் சொல்லாமலே அச்சட்டத்தை இயற்றினார்கள். அது பெருங்குறை.

ஆகவே, உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறவுங்கள். வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களிடமே இருக்கட்டும். அடையாள அட்டையும் அப்படியே. வாசித்தறியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் மகளை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். சேமலாப நிதியில் உங்கள் கூலியிலிருந்து நூற்றுக்கு 8, தோட்டம் தருவது 12. அங்கத்துவ இலக்கத்தைக் குறித்துவைத்து, கணக்கைக் கேட்டுப் பாருங்கள். முழுச் சம்பளத்தையும் ஒரே நாளில் பிடித்து வைத்தால் வீட்டில் அடி விழும் என்று அஞ்சும் சகோதரி, கைக்காசிலிருந்து சிறுகத் தொடங்கட்டும். நம்பிக்கையான ஒருத்தியிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். 1938 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவிச் சேவை உண்டு.

சங்கத்தின் கடமையும் ஒன்றுண்டு. தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவள் கூலியைப் பிறரிடம் கொடுக்கலாகாது என்று தோட்டத்துரையிடம் கேட்போம். அடுத்த சம்பள நாளன்று அந்த மேசையருகே நாமும் நிற்போம். பெயர் கூப்பிட்டதும் நீங்களே வந்து வாங்குங்கள்.