வேலை கேட்ட கைகள்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, செவிலியர்களே, இயன்முறை மருத்துவர்களே!

நாளை முதல் உங்கள் முன் வந்து உட்காருகிறவர்கள் நோயைச் சொல்லி முடித்ததும் இன்னொன்றும் கேட்பார்கள்: "எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?" தலைவிதி என்றோ கடவுளின் சோதனை என்றோ அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். பதில் சொல்வதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. வேலூரில் இருவர் அதைச் செய்து காட்டினார்கள்.

கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியின் மகனாக வளர்ந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. எலும்பு தெரியும் அளவுக்கு விரல் கிழிந்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. தூக்கத்தில் எலி கடித்தாலும் தொழுநோயாளிகளுக்கு உறைக்காது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். கிருமி நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. சூடும் வெட்டும்தான் விரலைக் கொண்டுபோகின்றன. இது புரிந்த பிறகு விரல்களைக் காப்பாற்ற வழி பிறந்தது.

வலிக்கு உடம்பில் ஒரு வேலை இருக்கிறது. அதனாலேயே வலி புனிதமாகிவிடாது.

மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் பிராண்ட் இயங்கவைத்தார். சரியான கையோடு ஊருக்குப் போன சிலர் மனக்குறையோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் பிச்சை விழவில்லை; தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. சிகிச்சை பாதியில்தான் நிற்கிறது என்று பிராண்டுக்குப் புரிந்தது. தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்றுத்தர ஓர் இல்லம் எழுந்தது.

அதே கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களையும் அசைக்க முடியாதவரானார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார் பிராண்ட். நிமிர்ந்து உட்காருவதற்காகவே மேரி மறுபடியும் முதுகில் அறுவை செய்துகொண்டார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று.

விபத்து அவருக்கு வரமாக அமைந்தது என்று தயவுசெய்து யாரும் பேசாதீர்கள். விபத்து பறித்துக்கொண்டதே தவிர எதையும் தரவில்லை. தந்தது அவருடைய பிடிவாதம். அவரை நம்பிக் கத்தியைக் கையில் கொடுத்த சகாக்கள். எல்லா நோயாளியும் மேரி வர்கீஸ் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமை கிடையாது. அழுகிறவர், கோபப்படுகிறவர், பேசவே மறுக்கிறவர் எல்லோருக்கும் அதே மரியாதை உண்டு. தன் துன்பத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் உரிமை படுகிறவருக்கு மட்டுமே உரியது.

நம் பங்கு வேறு. தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அந்த நோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி நம் நாட்டுத் திருமணச் சட்டங்களிலிருந்து நீங்கியது 2019இல்தான். கிருமி விட்ட பிறகும் மனிதர்கள் விடவில்லை. துன்பத்தில் நாமாகச் சேர்த்துவைத்த இந்தப் பங்கை நாம்தான் குறைக்க முடியும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். நோயாளியைப் படுக்கை எண் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள்; நம்பி, உரிய மருந்தை உரிய நேரத்தில் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது என்ன தொழில் செய்தார், இனி எது முடியும் என்று கேளுங்கள். அதற்கான வழியையும் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நல்ல மருத்துவரைக் கைராசிக்காரர் என்பது நம் ஊர் வழக்கம். உங்களிடம் வந்துபோனவர்கள் பிழைப்புக்குத் திரும்பி, நாலு பேரிடம் சொல்லி, அந்தப் பெயர் உங்களுக்கு வரட்டும்.