பற்றாசும் பற்றவைப்பும்
(மதுரைப் பொதுப் பட்டறை இளைஞரிடையே ஆற்றிய உரை)

 

தொழிற்கல்வி தமிழில் இயலாது என்பார்க்கு நம் யாப்பிலக்கணமே விடை கூறும். குறட்பாவையும் தனிச்சொல்லையும் இணைத்தற்கு இடையே ஓரிரண்டு அசை சேர்த்துப் பாடுவது ஆசிடை நேரிசை வெண்பா. ஆசு என்பது பற்றாசு. பொற்கொல்லர் மாழைத் துண்டுகளை இணைக்க இடும் பற்றுப்பொருள். பாவிலக்கணத்திற்கே பட்டறைச் சொல்லை ஈந்த மொழி, இன்று பட்டறை வாயிலில் நிற்பதேன்?

கப்பலூர், புதூர்த் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் நம் இளைஞர் ‘மிக்’ என்றே சொல்லப் பழகியுள்ளனர். வினையுறா வளியைக் குறிப்பது அவ் ஆங்கிலக் குறுக்கம். அமெரிக்காவில் 1948-இல் இம்முறை உருவானபோது அது பொருந்திற்று. 1950-களில் எஃகுக்குக் கரியமிலவளி வந்தது. அது வினையுறும் வளி. ஆகவே பழம்பெயர் பிழைபட்டது. ‘வளிக்காப்புப் பற்றவைப்பு’ எனின் இரண்டும் அடங்கும். உருகும் மாழையைக் காற்றுத் தீண்டாமல் வளி காக்கிறது என்னும் செயலும் விளங்கும்.

பொதுப் பட்டறையில் ஒருவர் மாற்றிவைத்ததை அறியாமல் மற்றவர் விசையை அழுத்துகிறார். ஆகலின் முதலில் வடங்களைப் பாருங்கள். வளியோடு ஊட்டும் திண்கம்பிக்குக் கைக்குழல் நேர்முனையிலும் கவ்வி எதிர்முனையிலும் இருத்தல் வேண்டும். மாறிக் கிடந்தால் இணைப்பு மேலே திரண்டு நிற்கும், உள்ளே பற்றாது. அவ்வாறு பற்றவைத்த ஏணி ஒருநாள் ஆளோடு வீழும்.

அடுத்து, உருளையின் காடி கம்பியின் பருமனுக்கு ஒத்திருக்கட்டும். 0.8 மில்லிமீட்டர்க் கம்பிக்கு அதே அளவுக் காடி. துருவும் வண்ணமும் நீக்கிய இடத்தில் கவ்வியைப் பூட்டுங்கள். வளி மணித்துளிக்கு 10 முதல் 15 இலிட்டர் ஓடட்டும். ஆடிக்காற்று வீசும் வாயிலோரமும் விசிறியடியும் ஆகா; வளி கலைந்தால் இணைப்பில் புழைகள் தோன்றும். வேலைக்குமுன் அதே பருமனுள்ள கழிவுத் துண்டில் பற்றவைத்து, வளைத்துப் பாருங்கள்.

முகக்காப்பும் கையுறையும் இன்றி மின்வில்லை நோக்காதீர். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். பூச்சைச் சுரண்டியபின் தொடங்குக. மூடிய தொட்டிக்குள் வளி நிறைந்தால் மூச்சு முட்டும்.

இவ்வளவையும் ஒரு பலகையில் தமிழில் எழுதிப் பொறியருகே மாட்டுங்கள். கடைசியாக இட்ட கம்பி, வளி, முனை ஆகியவற்றை வேலை முடித்தவர் அதில் குறிக்கட்டும். பொருள் விளங்காத ஒலியைக் கற்றவன் ஏவியதைச் செய்வான். ‘ஏன்’ என்று வினவான். தாய்மொழியில் காரணமறிந்தவனோ பிழையைத் தானே கண்டு திருத்துவான். மேடையில் மட்டும் தூய தமிழ் முழங்கினால் போதாது. பொறியின்மேலும் அது எழுதப்படுதல் வேண்டும்.

வெல்க தமிழ்!